ஹைபர்நேட் புள்ளிவிவரங்களைக் கண்காணிப்புக்கு வெளிக்காட்டுவது எப்படி? பதிப்பு மாற்றிய பின் பழைய வழி அடைபட்டுவிட்டது

கேள்வி: பாயான்பாரு_நிரலர் (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கில் ஒரு சிறிய மென்பொருள் குழுவில் பணிபுரிகிறேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவு, மாதச் சந்தா, கடன் தவணை ஆகியவற்றைக் கவனிக்கும் ஜாவா வலைச் செயலி எங்கள் பொறுப்பில் இருக்கிறது. ஜார்ஜ் டவுன், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், கூலிம், சுங்கை பட்டாணி, தைப்பிங் என்று ஏழு கிளைகளிலும் முகப்பில் அமர்ந்திருப்பவர்கள் காலை முதல் மாலை வரை இதே செயலியைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். செயலியை ஓட்டும் டாம்கேட் 9 சர்வர், ஜாவா 11, எக்ஸ்எம்எல் கோப்புகளால் அமைத்த ஸ்பிரிங் கட்டமைப்பு, பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். இரண்டுக்கும் நடுவில், ஜாவா பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் ஹைபர்நேட் நூலகம். செயலியின் சர்வர் பினாங்கிலும் தரவுத்தளம் சைபர்ஜெயாவில் உள்ள ஒரு தரவு மையத்திலும் இருக்கின்றன.

சம்பளம் வந்த கையோடு உறுப்பினர்கள் சந்தா கட்ட வருவதால், மாதத்தின் முதல் சில வேலை நாள்களில் மட்டும் செயலி தள்ளாடுகிறது. உறுப்பினர் பட்டியல் திறக்கப் பத்து விநாடி ஆகிறது என்று கிளைகளிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு வருகிறது. தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவர், தம் பக்கத்தில் எந்த வினவலும் நீண்ட நேரம் ஓடவில்லை என்கிறார். நாங்களோ அந்தப் பக்கத்தின் நிரலைத் தொட்டே பல மாதங்கள் ஆகின்றன என்கிறோம். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் நடுவில் என்ன நடக்கிறது என்பதைக் காட்ட எங்கள் கையில் ஓர் எண்கூட இல்லை.

முன்பு இருந்தது. ஹைபர்நேட் 3.6 காலத்தில், அதனுடனேயே வந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ்சர்வீஸ் என்ற வகுப்பை ஸ்பிரிங் கோப்பில் ஒரு பீனாக (ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் பொருளாக) அறிவித்து, ஜேஎம்எக்ஸ் என்ற ஜாவாவின் கண்காணிப்பு வசதியில் அதைப் பதிவு செய்யும் எம்பீன்எக்ஸ்போர்ட்டரிடம் கொடுத்தால் போதும். ஜாவாவின் கண்காணிப்புத் திரையான ஜேகன்சோலைத் திறந்த உடனே எல்லா எண்ணிக்கைகளும் தெரியும். 5.6-க்கு மாறியபோது, அந்த வகுப்பே இல்லை என்ற பிழையோடு செயலி எழும்ப மறுத்தது. அவசரத்தில் அந்த வரிகளை நீக்கிவிட்டோம். இப்போது, ஹைபர்நேட்டின் செஷன்களை (தரவுத்தளத்தோடு பேசும் அமர்வுகளை) உருவாக்கும் செஷன்ஃபாக்டரி தரும் புள்ளிவிவரப் பொருளை நேரடியாக எம்பீன் சர்வரில் (ஜேஎம்எக்ஸ் கண்காணிக்கும் பொருள்களின் பதிவேட்டில்) பதிவு செய்து பார்த்தேன்; நாட்கம்ப்ளையன்ட்எம்பீன் என்ற விதிவிலக்கு வருகிறது.

இதைச் சரியாக வெளிக்காட்டும் வழி எது, வெளிக்காட்டிய பிறகு எந்த எண்களைப் பார்க்க வேண்டும், நேரடிப் பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் இதை எப்போதும் இயக்கி வைத்திருக்கலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி (கோலாலம்பூர்)

வணக்கம் நண்பரே. நீங்கள் தேடும் வகுப்பு ஹைபர்நேட் 4-ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. நீக்கப்பட்டது அந்த ஜேஎம்எக்ஸ் உறை மட்டும்தான். எண்ணிக்கைகளைச் சேர்க்கும் பகுதி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் சற்று வளர்ந்தும் வந்திருக்கிறது. ஆகவே இழந்தது வாசலைத்தான், வீட்டை அல்ல.

உங்களுக்கு வந்த விதிவிலக்கின் காரணம் எளிது. சாதாரண எம்பீன் என்றால், ஒரு வகுப்பின் பெயரோடு எம்பீன் என்ற பின்னொட்டைச் சேர்த்த இடைமுகம் ஒன்றை அந்த வகுப்பு நிறைவேற்றியிருக்க வேண்டும் என்பது ஜேஎம்எக்ஸின் விதி. ஹைபர்நேட்டின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்இம்ப்ளுக்கு அப்படி ஓர் இடைமுகம் கிடையாது. அதனால் சர்வர் அதை ஏற்பதில்லை. ஜாவாவுடன் வரும் ஸ்டாண்டர்ட்எம்பீன் என்ற உறைக்குள் அதை வைத்து, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இடைமுகத்தைக் கையில் கொடுத்தால் பதிவு ஆகிவிடும். இணையத்தில் பலரும் காட்டும் வழி இதுதான். இரண்டே வரி என்பதால் கவர்ச்சியாகவும் இருக்கும்.

ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வழியில் ஹைபர்நேட்டின் இடைமுகம் முழுவதும் வெளியே கொட்டப்படுகிறது. எந்த என்டிட்டியின் (தரவுத்தள அட்டவணையோடு இணைந்த வகுப்பின்) பெயரைக் கொடுத்தாலும் அதற்கான புள்ளிவிவரப் பொருளைத் திருப்பித் தரும் செயல்களும் அதில் உண்டு; அப்பொருள் ஹைபர்நேட்டின் சொந்த வகை என்பதால், பார்க்கும் கணினியிலும் ஹைபர்நேட்டின் ஜார் கோப்பு இருந்தால்தான் அது திறக்கும். அடுத்த பதிப்பில் ஒரு முறையின் பெயரோ வகையோ மாறினால் உங்கள் கண்காணிப்பும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும். சென்ற முறை உங்களைச் சிக்க வைத்ததும் இதே வகையான சார்புதான்.

நீங்களே ஒரு சிறிய இடைமுகம் எழுதுங்கள். அதன் பெயர் எம்எக்ஸ்பீன் என்று முடியட்டும். பெயர் அப்படி முடிந்தால், அதை நிறைவேற்றும் வகுப்பின் பெயர் எதுவாக இருந்தாலும் ஜேஎம்எக்ஸ் ஏற்றுக்கொள்ளும். இடைமுகம் கட்டாயம் பப்ளிக்காக இருக்க வேண்டும். ஜாவா 8 முதல் இதில் சலுகை இல்லை. உள்ளே பத்துக்கு மேற்படாத முறைகள், ஒவ்வொன்றும் லாங் எண்ணைத் திருப்பித் தருபவை. அவற்றை நிறைவேற்றும் வகுப்பு செஷன்ஃபாக்டரியிடமிருந்து புள்ளிவிவரப் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையிலும் ஒரே வரியில் அந்த எண்ணைக் கடத்தினால் போதும். உங்களிடம் இருப்பது, ஜாவாவின் தரவுத்தளப் பொது இடைமுகமான ஜேபிஏவின் என்டிட்டிமேனேஜர்ஃபாக்டரி என்றால் அன்ராப் என்ற முறையால் செஷன்ஃபாக்டரியை வெளியே எடுக்கலாம்.

பதிவு செய்யும் வேலையை ஸ்பிரிங்கின் எம்பீன்எக்ஸ்போர்ட்டரிடமே விட்டுவிடுங்கள். நாமே கையால் பதிவு செய்தால், செயலியை நிறுத்தும்போது பதிவை நீக்கவும் நாமே நினைவு வைத்திருக்க வேண்டும். அதை மறந்தவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்: டாம்கேட்டை நிறுத்தாமல் புதிய வார் கோப்பை (செயலியின் பொதியை) மட்டும் வைத்தபோது, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று புதிய செயலி எழும்பவில்லை, பழைய செயலியோ அந்த ஒரு பதிவின் கயிற்றில் கட்டுண்டு, தன் வகுப்புகள் அனைத்தோடும் நினைவகத்தில் தங்கிவிட்டது. அதே காரணத்தால், பதிவுப் பெயரில் செயலியின் கான்டெக்ஸ்ட் பாதையையும் சேர்த்துவிடுங்கள். ஒரு ஜேவிஎம் முழுவதற்கும் எம்பீன் சர்வர் ஒன்றுதான்; சோதனைச் செயலியும் உண்மைச் செயலியும் ஒரே டாம்கேட்டில் இருந்தால் பெயர் மோதும்.

எண்ணிக்கை இயல்பாக அணைந்தே இருக்கும். ஹைபர்நேட்.ஜெனரேட்_ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற அமைப்பை ட்ரூ என்று வைக்க வேண்டும். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்கவும் முறை உண்டு. ஆனால் பாதியில் இயக்கினால், அதற்கு முன் திறந்த செஷன்கள் கணக்கில் வராமல் அவை மூடப்படுவது மட்டும் கணக்கில் ஏறும் என்பதால் திறந்தவை, மூடியவை என்ற இரு எண்களும் சில காலம் பொருந்தாமல் தெரியும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஜேஎம்எக்ஸ் போர்ட்டை வெளியே திறக்கும்போது கடவுச்சொல் இல்லாமல் திறக்காதீர்கள். ஜேஎம்எக்ஸ் பயன்படுத்தும் தொலை அழைப்பு முறையான ஆர்எம்ஐ தனக்கென்று இரண்டாவது போர்ட் ஒன்றைத் தோன்றியபடி எடுத்துக்கொள்ளும். அதையும் அதே எண்ணில் நிலைநிறுத்தினால்தான் ஃபயர்வால் வழியாகவோ எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாகவோ ஒழுங்காக இணைக்க முடியும்.

மறுமொழி: பாயான்பாரு_நிரலர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே எட்டு முறைகள் கொண்ட இடைமுகம் எழுதி ஏற்றிவிட்டேன். ஜேகன்சோலில் எண்கள் வருகின்றன. ஆனால் இரண்டு புதிய சிக்கல்கள். இயக்கிய ஒரு மணி நேரத்தில் லாக் கோப்பு வீங்கிவிட்டது: ஒவ்வொரு கோரிக்கைக்கும், எத்தனை இணைப்புகளைப் பெற எத்தனை நானோவிநாடி ஆனது என்று பத்து வரிக்கும் மேலான ஒரு கட்டம் எழுதப்படுகிறது. அடுத்தது, தயாரித்த ஸ்டேட்மென்ட்கள் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்கியூஎல் கட்டளைகள்) 48 இலட்சத்துச் சொச்சம் என்று ஓர் எண் காட்டுகிறது. அது அதிகமா, குறைவா என்றே எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில்: செந்தூல்_தமிழச்சி (கோலாலம்பூர்)

வணக்கம். முதலில் லாக் கோப்பை அடக்கிவிடுவோம். புள்ளிவிவரத்தை இயக்கினால், ஸ்டாட்டிஸ்டிக்கல்லாகிங்செஷன்ஈவென்ட்லிஸனர் என்ற கவனிப்பானும் சேர்ந்து எழுந்து, ஒவ்வொரு செஷன் முடியும்போதும் அந்தக் கட்டத்தை இன்ஃபோ நிலையில் எழுதுகிறது. லாக் அமைப்பில் அந்த வகுப்பின் நிலையை வார்ன் என்று உயர்த்தினால் எழுதுவது நிற்கும். அதைவிட, ஹைபர்நேட்.செஷன்.ஈவென்ட்ஸ்.லாக் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வைப்பது மேல்; அப்போது அந்தக் கவனிப்பான் செஷனோடு இணைக்கப்படுவதே இல்லை, ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் நேரம் பார்க்கும் வேலையும் மிச்சமாகிறது. எஞ்சுவது வெறும் எண்ணிகள் மட்டுமே. அவற்றின் சுமை தரவுத்தளத்துக்கு ஒரு முறை போய்வரும் செலவுக்குப் பக்கத்தில் நிற்காது. எங்கள் அலுவலகத்தில் நேரடிச் சர்வர்களில் இதை எப்போதும் இயக்கியே வைத்திருக்கிறோம். தேவைப்படும் நாளில் இயக்கிக்கொள்ளலாம் என்றால், அந்த நாளில் ஒப்பிட முந்தைய நாளின் எண் இருக்காது.

இனி உங்கள் 48 இலட்சம். இந்த எண்கள் அனைத்தும் செயலி எழும்பிய நேரம் முதல் கூடிக்கொண்டே போகும் மொத்தங்கள். தெனாகா மின்சார மீட்டரைப் படிக்க வருபவர் சென்ற மாத எண்ணைக் கழித்துவிட்டுத்தானே பில் போடுகிறார்? மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் வைத்து எந்த வீட்டில் ஏர்கான் ஓடுகிறது என்று யாரும் சொல்ல முடியாது. இங்கும் அப்படித்தான்: குறிப்பிட்ட இடைவெளிக்கு எவ்வளவு கூடியது என்று பாருங்கள், அதன் பிறகு ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுத்துப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது, ஒரு செஷனுக்கு எத்தனை ஸ்டேட்மென்ட் என்ற விகிதம். நெரிசல் கூடினால் இரண்டும் சேர்ந்து கூடும், விகிதம் அசையாது. நிரல் கெட்டுப்போனால்தான் விகிதம் ஏறும். இந்த ஒன்றை மட்டுமே திரையில் வைத்திருந்தாலும், வெள்ளிக்கிழமை மாலை ஏற்றிய மாற்றம் திங்கட்கிழமை காலை என்ன செய்யப் போகிறது என்பது அன்றிரவே தெரிந்துவிடும்.

அடுத்து, உங்கள் கேள்வியிலேயே ஒரு தடயம் இருக்கிறது. எந்த வினவலும் நீண்ட நேரம் ஓடவில்லை என்று தரவுத்தளக்காரர் சொல்கிறார். ஆனாலும் பக்கம் தாமதமாகிறது. ஆயிரம் சிறு வினவல்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போனால் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றும் மில்லிவிநாடியில் முடிவதால் அவருடைய மெதுவான வினவல் பட்டியலில் ஒன்றும் விழாது. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: ஹைபர்நேட்டின் வினவல் எண்ணிக்கை, நீங்கள் எழுதி ஓட்டிய வினவல்களை மட்டுமே எண்ணுகிறது. ஓர் உறுப்பினரின் சந்தாப் பட்டியலைத் தொட்ட உடன் ஹைபர்நேட் தானாகப் போய் எடுத்துவருகிறதே, அது வினவல் கணக்கில் ஏறாது. கலெக்‌ஷன் ஃபெட்ச் கணக்கில் ஏறும். அப்படியே தனித்து எடுத்துவரும் ஒற்றை என்டிட்டி, என்டிட்டி ஃபெட்ச் கணக்கில் ஏறும். லோட், ஃபெட்ச் என்ற இரு எண்களையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புபவர்கள் பலர். லோட் என்பது எந்த வழியிலாவது நினைவகத்துக்கு வந்தவை. ஃபெட்ச் என்பது அதற்கென்றே தனியாக ஒரு பயணம் போய்க் கொண்டுவந்தவை. லோட் உயர்வது உங்கள் வியாபாரம். ஃபெட்ச் உயர்வது உங்கள் சிக்கல்.

அதிகபட்ச வினவல் நேரம் என்ற எண்ணை நம்பி எச்சரிக்கை மணி வைக்காதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஓடிய ஓர் அறிக்கை நாற்பது விநாடி எடுத்திருந்தால், செயலியை மறுபடி எழுப்பும்வரை அல்லது எண்ணிகளைத் துடைக்கும்வரை அந்த நாற்பதுதான் அங்கே உட்கார்ந்திருக்கும். ஆப்டிமிஸ்டிக் தோல்வி எண்ணிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு கிளைகளில் இருவர் ஒரே உறுப்பினரின் பதிவை ஒரே நேரத்தில் திருத்துவது அதில் தெரியும். திறந்த செஷன்களுக்கும் மூடிய செஷன்களுக்கும் இடையிலான வேறுபாடு நாளுக்கு நாள் வளர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

இவை எல்லாவற்றையும் வைத்திருந்தாலும், ஒரு கோரிக்கை இணைப்புக்காகக் காத்துக்கிடந்த கூட்டத்தை இந்த எண்ணிகள் காட்டாது. அது கனெக்‌ஷன் பூலின் (திறந்தே வைத்துப் பகிரும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பின்) எண். அந்தப் பூலுக்கு ஹிகாரி நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ரெஜிஸ்டர்எம்பீன்ஸ் என்ற அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். இயக்கத்தில் உள்ள இணைப்புகள், ஓய்வில் உள்ளவை, இணைப்புக்காகக் காத்திருக்கும் த்ரெட்கள் (கோரிக்கைகளை நடத்தும் இழைகள்) ஆகிய மூன்றும் ஜேகன்சோலிலேயே வரும். எச்சரிக்கை மணி ஒன்றே ஒன்று வைக்க இடம் இருக்கிறது என்றால், காத்திருக்கும் த்ரெட்களின் எண்ணுக்குத்தான் வைப்பேன்.

சோதனைச் சர்வரில் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கும்போது, எண்களைக் குறித்துக்கொண்டு உறுப்பினர் பட்டியலை ஒரே ஒரு முறை திறந்துவிட்டு, மறுபடி குறித்துப் பாருங்கள். கழித்து வருவதை இங்கே எழுதுங்கள்.

மறுமொழி: பாயான்பாரு_நிரலர்

சகோதரி, நீங்கள் சொன்னபடி செய்தேன். ஒரு பக்கத்தில் 200 உறுப்பினர்கள் வருகிறார்கள். ஒரு முறை திறந்ததில் கூடியவை: வினவல் 2, என்டிட்டி ஃபெட்ச் 7, கலெக்‌ஷன் ஃபெட்ச் 400, தயாரித்த ஸ்டேட்மென்ட் 409.

கூட்டிப் பார்த்தால் 409 அப்படியே சரியாக வருகிறது. இரண்டு வினவல்களில் ஒன்று பட்டியல், மற்றது மொத்த உறுப்பினர் எண்ணிக்கை. 400 என்பது 200 பேருக்கும் சந்தா ஒரு முறை, கடன் ஒரு முறை. ஏழு மட்டும் சற்று நேரம் புரியவில்லை. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கிளை உண்டே, 200 அல்லவா வர வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் கிளைகளே ஏழு என்பது உறைத்தது: ஒரு செஷனுக்குள் ஒரு கிளையை ஒரு முறை எடுத்துவந்துவிட்டால் அடுத்த உறுப்பினருக்கு அதையே ஹைபர்நேட் கொடுத்துவிடுகிறது.

பினாங்கிலிருந்து சைபர்ஜெயாவுக்கு ஒரு முறை போய்வர எங்கள் தடத்தில் 8 மில்லிவிநாடி ஆகிறது. 409 பயணங்களுக்குப் பயணச் செலவு மட்டுமே 3.2 விநாடிக்கு மேல். சர்வரில் வேறு எவரும் இல்லாத நேரத்திலேயே இந்த நிலை. ஹிகாரியின் பூல் அளவை நாங்கள் மாற்றவே இல்லை, இயல்பான 10 தான். இன்று காலை 9.40-க்கு நேரடிச் சர்வரில் காத்திருக்கும் த்ரெட்கள் 14. பத்து விநாடி எங்கிருந்து வருகிறது என்பது இப்போது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. பூலை 30 ஆக்கிவிடலாமா, அல்லது தொடர்புடைய பட்டியல்களையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் எழுதி ஒரே வினவலாக்கிவிடலாமா?

பதில்: பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள்.

பூலைப் பெரிதாக்கினால் காத்திருப்பு செயலியிலிருந்து தரவுத்தளத்துக்கு இடம் மாறும். 409 பயணம் 409-ஆகவே இருக்கும். ஜாயின் ஃபெட்சில் வேறொரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் பக்கம் பிரித்துக் காட்டுகிறீர்கள். கலெக்‌ஷனை ஜாயின் ஃபெட்ச் செய்துகொண்டே பக்க அளவையும் கொடுத்தால், ஹைபர்நேட்டால் அந்த அளவைத் தரவுத்தளத்தில் செலுத்த முடியாது. எல்லா உறுப்பினர்களையும் நினைவகத்துக்குக் கொண்டுவந்து அங்கேதான் 200 பேரை வெட்டி எடுக்கும். அப்படிச் செய்வதாக லாக்கில் ஓர் எச்சரிக்கை வரியும் எழுதும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வருத்தம். ஸ்டேட்மென்ட் எண்ணிக்கை அழகாக ஒற்றை இலக்கத்தில் வரும், என்டிட்டி லோட் எண்ணிக்கையோ ஆயிரக்கணக்கில் எகிறும். ஓர் எண்ணை மட்டும் பார்த்து மகிழக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஹைபர்நேட்.டிஃபால்ட்_பேட்ச்_ஃபெட்ச்_சைஸ் என்ற அமைப்பை 50 என்று வைத்துப் பாருங்கள். முதல் உறுப்பினரின் சந்தாவைத் தொட்டவுடன், அதே செஷனில் இன்னும் எடுக்கப்படாத 49 பேரின் சந்தாவையும் சேர்த்து ஒரே ஸ்டேட்மென்டில் எடுத்துவந்துவிடும். சந்தாவுக்கு 4, கடனுக்கு 4, கிளைகள் ஏழுக்கும் 1, வினவல்கள் 2. ஆக 11 வர வேண்டும். நிரலில் ஒரு வரிகூட மாறாது.

11 வந்துவிட்டால் அந்த எண்ணைக் காவல் வைத்துவிடுங்கள். ஜேயூனிட் சோதனை ஒன்று எழுதி, எண்ணிகளைத் துடைத்து, செஷனையும் காலியாக்கி, பட்டியலை எடுத்து, ஸ்டேட்மென்ட் எண்ணிக்கை 11-ஐத் தாண்டினால் சோதனை தோற்கும்படி செய்யுங்கள். நாளை ஒரு புதியவர் பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தால், கிளைகளிலிருந்து தொலைபேசி வருவதற்கு முன் இந்தச் சோதனை அவரிடம் சொல்லிவிடும்.

பதில்: ஜெலுத்தோங்_பயனர் (பினாங்கு)

இந்த இழையைப் படித்துவந்தேன். விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஜேகன்சோலை ஒருவர் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. எழுதிய எம்எக்ஸ்பீன் வீணாகாமல் இருக்க, எண்களைத் தொடர்ந்து சேகரித்து வைக்கும் புரோமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியின் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டரை டாம்கேட்டுக்கு ஜாவா ஏஜென்டாக (சேர்ந்தே ஓடும் துணைநிரலாக) கொடுத்துவிடுங்கள். அது அதே எண்களைப் படித்து எச்டிடிபி வழியே புரோமீதியஸுக்குத் தரும். கிராஃபானாவில் வரைபடமாகப் பார்க்கலாம். செயலி மறுபடி எழும்போது எண்ணிகள் பூச்சியத்துக்கு விழும் என்ற கவலையும் வேண்டாம். ரேட் என்ற கணக்கீடு அந்த வீழ்ச்சியைப் புரிந்துகொண்டே கணக்கிடுகிறது. ஸ்பிரிங் பூட் பயன்படுத்துபவர்களுக்கு வழி இன்னும் குறுகியது: ஆக்சுவேட்டர் என்ற கண்காணிப்புப் பகுதி இருக்கும் செயலியில் ஹைபர்நேட்-மைக்ரோமீட்டர் என்ற நூலகத்தையும் சேர்த்துப் புள்ளிவிவரத்தையும் இயக்கிவிட்டால் எண்கள் தாமாகவே வந்து சேரும். ஆக்சுவேட்டரின் எல்லா வாசல்களையும் ஒரே நட்சத்திரக் குறியால் திறந்துவிடாமல், புரோமீதியஸ் வாசலை மட்டும் பெயர் சொல்லித் திறந்து, தனி போர்ட்டில் வையுங்கள். ஹீப்டம்ப் வாசல் பொதுவெளியில் திறந்திருந்தால் நினைவகம் முழுவதையும் எவரும் இறக்கிக்கொள்ளலாம்.

வினவல்களின் எழுத்து வடிவத்தை அளவீட்டின் லேபிளாக அனுப்பும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். வினவல் ஒவ்வொன்றும் ஒரு தனி வரிசையாகிப் புரோமீதியஸ் மூச்சுத் திணறும். அதைவிட முக்கியம், மதிப்புகளைப் பாராமீட்டராகக் கொடுக்காமல் எழுத்தோடு எழுத்தாக ஒட்டிய வினவல் ஏதேனும் இருந்தால், அந்த மதிப்பும் சேர்ந்தே வெளியே போகும். உங்கள் செயலியில் உறுப்பினர்களின் ஐசி (அடையாள அட்டை) எண் இருக்கிறது; 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில், கண்காணிப்புத் திரையில் அது தெரிவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. புள்ளிவிவரப் பொருளிடம் இதுவரை ஓடிய வினவல்களின் பட்டியலைக் கேட்கும் முறை இருக்கிறது. சோதனைச் சர்வரில் ஒரு முறை அதை அச்சிட்டுக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி: பாயான்பாரு_நிரலர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

பேட்ச் அளவை 50 ஆக்கியபின் அதே பக்கத்துக்கு 11 ஸ்டேட்மென்ட் என்றே வந்தது. ஜேயூனிட் சோதனையும் எழுதிவிட்டோம். ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டர் வழியாக வரைபடங்களும் ஓடுகின்றன. ஒரு நாள் மட்டும், காலை 9 மணி நெரிசல் லாக்கில் 1 மணிக்கு இருக்கிறதே என்று திகைத்தோம். சர்வரின் கடிகாரம் யூடிசியில் இருந்திருக்கிறது, நம் நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால்.

ஜெலுத்தோங் நண்பர் சொன்னபடி வினவல் பட்டியலை அச்சிட்டபோது, எண்பது தொண்ணூறு வினவல்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். திரை உருண்டுகொண்டே போனது. உறுப்பினர் தேடல் பக்கத்தின் ஒரே வினவல், ஐசி எண் மட்டும் மாறி மாறி, ஆயிரக்கணக்கில் நின்றது. பிறந்த தேதியின் ஆறு இலக்கம், நடுவில் பினாங்குக்குரிய 07, பிறகு நான்கு இலக்கம் என்று ஒவ்வொரு வரியிலும் ஓர் உண்மையான மனிதர். நேரடித் தரவின் நகலைச் சோதனைச் சர்வரில் வைத்திருந்ததும் அப்போதுதான் உறுத்தியது. பழைய நிரலில் யாரோ ஐசி எண்ணைப் பிளஸ் குறியால் வினவலோடு ஒட்டியிருந்தார்கள். எஸ்கியூஎல் ஊடுருவலுக்கும் அதே வழி திறந்துதான் கிடந்தது. அன்று மாலைக்குள் அதைப் பாராமீட்டராக மாற்றி, மறுநாள் காலை நேரடிச் சர்வரில் ஏற்றினோம். நகலில் உள்ள ஐசி எண்களையும் மறைத்துவிட்டோம். பட்டியல் இப்போது 86 வினவல்களில் நிற்கிறது.

மாதம் பிறந்து இன்று இரண்டாவது வேலை நாள். பூல் அளவு இன்னும் 10 தான். காலை 9.40-க்கு எல்லாக் கிளைகளிலும் வரிசை நின்றபோது காத்திருக்கும் த்ரெட்கள் 0. ஒரு செஷனுக்கு ஸ்டேட்மென்ட் விகிதம் நேற்றைய அளவிலேயே இருந்தது. தைப்பிங் கிளையிலிருந்து மட்டும் ஓர் அழைப்பு வந்தது. அச்சுப்பொறியில் காகிதம் சிக்கிக்கொண்டதாம்.